பழைய லீஃப் கார்: 12 கோடு காட்டினால் பற்றரி நல்லது என்று நம்பலாமா?

ஆம்பல்

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறேன், கொடிகாமத்தில் படிப்பிக்கிறேன். போக 25, வர 25 என்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர். இவ்வளவு காலமும் ஸ்கூட்டியில்தான் போய் வந்தேன். இந்த வருடத்திலிருந்து மகளும் என்னோடு அதே பாடசாலைக்கு வருகிறாள். மாரி மழையில் கைதடி வெளியால் அவளை நனைய நனையக் கொண்டுபோக மனம் வரவில்லை. மாதம் ஒரு தடவை கிளிநொச்சியில் அம்மா வீட்டுக்கும் போக வேண்டும், அது ஒரு வழியே 60 தாண்டும்.

பழைய நிசான் லீஃப் மின்கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். 24 கிலோவாட் மணிப் பற்றரி, 2013 வாகனம் என்கிறார்கள். மீற்றரில் 61,000. டாஷ்போட்டில் பற்றரியின் கொள்ளளவைக் காட்டும் 12 கோடும் நிறைந்திருக்கிறது. "ஜப்பானில் ஒரு வயதானவர் கடைக்குப் போய்வர வைத்திருந்தது, பற்றரி புதுசு மாதிரி" என்று விற்பவர் சொல்கிறார்.

பெற்றோல் கார் என்றால் என் அண்ணா பொனற்றைத் திறந்து சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். இதில் கேட்பதற்குச் சத்தமே இல்லை. எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும்? சேமிப்பு முழுவதும் இதில்தான் போகப் போகிறது.

மாவலி

தங்கச்சி, முற்பணம் கொடுத்துவிடவில்லையே? கொடுக்கவில்லை என்றால் இன்னும் ஒரு கிழமை பொறுங்கள்.

லீஃப் பற்றரியைக் குளிர வைக்க உள்ளே எதுவும் இல்லை. வேறு பல மின்கார்களில் பற்றரியோடு சேர்த்துக் குளிர்நீர் ஓடும். இதில் செல் என்கிற சிறு மின்கலங்கள் அடங்கிய 48 மொடியூல்கள் மூடிய பெட்டிக்குள் அடுக்கிக் கிடக்கின்றன, ஓடும்போது பெட்டியின் அடியில் படும் காற்றோடு சரி. 2012இலேயே அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துக்காரர் இதைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார்கள். பீனிக்ஸ் நகரத்து வெயிலில் புதுக் கார்களிலேயே கோடு விழத் தொடங்கியது. நிசான் பற்றரிக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் கொடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். எங்கள் வெயில் அந்தளவு கொடுமை இல்லை, ஆனால் பற்றரி ஆறுவதற்கு எங்களிடம் குளிர்காலமும் இல்லை.

கோடு விழும் கணக்கு இது. புதிதில் 12. கொள்ளளவு 85 வீதத்துக்குக் கீழே வந்தால் முதல் கோடு போகும். அதன் பிறகு ஏறக்குறைய 6 வீதத்துக்கு ஒன்று. 9 கோடு என்றால் 72க்கும் 66க்கும் இடையில் எங்கேயோ நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வயதுப் பற்றரி எங்கள் ஊரில் 12 கோட்டோடு நிற்க எனக்குத் தெரிந்து இரண்டே வழிதான். பற்றரியை மாற்றியிருக்க வேண்டும், அப்படியென்றால் பில்லும் மாற்றிய கராஜின் பெயரும் இருக்கும். இல்லாவிட்டால் பற்றரிக் கணினியை ரீசெட் பண்ணியிருக்க வேண்டும். ரீசெட் பண்ணினால் கணினி தன்னைப் புதுப் பற்றரி என்று நினைத்துக்கொண்டு 12 கோட்டையும் காட்டும். பிறகு ஓட ஓட உண்மை தெரிந்து ஒவ்வொன்றாக விழும். அதற்குள் காசு கை மாறிவிடும்.

நாவற்பழம்

மாவலி அண்ணை சொன்னது எனக்கு நடந்தது. விரிவாகவே எழுதுகிறேன், ஆம்பல் அக்காவுக்கு உதவும்.

2022இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம். கியூஆர் முறையில் பங்கீடு வந்த பிறகும் கிழமைக்குக் கிடைத்த லீற்றர் என் வேலைக்குக் காணவில்லை. அந்த அவசரத்தில் ஒரு லீஃப் வாங்கினேன். 12 கோடு. சோதித்துக் காட்டிய படமும் அனுப்பினார்கள், பற்றரி நலம் 98 வீதம் என்று இருந்தது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தி வைத்திருந்ததால் விலையும் நெருப்பு. பேரம் பேசவே பயமாக இருந்தது, விட்டால் அடுத்த ஆள் எடுத்துவிடுவான்.

மூன்றாம் கிழமை மாமாவைக் கூட்டிக்கொண்டு பரந்தனிலிருந்து திரும்பி வருகிறேன். ஆனையிறவு தாண்டும்போது, சார்ஜைக் காட்டும் மற்றக் கோடுகளில் 4 இருந்தது, வீடு வரை காணும் என்று இருந்தேன். இயக்கச்சிக்குக் கிட்ட இரண்டு நிமிடத்துக்குள் 4 கோடு 1 கோடாகிவிட்டது. பிறகு டாஷ்போட்டில் மஞ்சள் ஆமைப் படம் வந்தது. ஆமை வந்தால் என்ன ஆகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்துகொண்டே வருகிறது. 50, 35, 20. இரவு எட்டு மணி, ரோட்டில் வெளிச்சம் இல்லை, பின்னால் லொறி ஹோர்ன் அடிக்கிறது. ஓரமாக இறக்கி நிறுத்தினேன். மாமா இதய நோயாளி. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் அவர் அந்தக் காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு மாதத்தில் 12 கோடு 8 ஆனது. விற்றவரிடம் போனால், "நான் தந்தபோது 12 இருந்தது, நீங்கள் ஓடிக் கெடுத்துவிட்டீர்கள்" என்றார். கையில் வைத்து வாதாட என்னிடம் ஒன்றுமில்லை.

சுழியோடி

ஆம்பல், நான் வேறு மாதிரிச் சொல்கிறேன். 24 கிலோவாட் லீஃப் இனி வாங்குகிற சாமானே இல்லை. 2025 பெப்ரவரியில் கார் இறக்குமதி திறந்துவிட்டார்கள், சீனத்துப் புது மின்கார்கள் வந்து இறங்குகின்றன, பற்றரிக்கு உத்தரவாதத்தோடு. பத்துப் பன்னிரண்டு வருடப் பற்றரிக்குக் காசைக் கொட்டுவதை விட இன்னும் இரண்டு வருடம் சேர்த்துப் புதிதாக ஒன்று எடுங்கள்.

ஆம்பல்

சுழியோடி அண்ணா, நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் புதிதின் விலைக்கும் என் சம்பளத்துக்கும் இரண்டு வருடச் சேமிப்பு காணாது. மகள் நனைவது இந்த மாரியில். எனக்குத் தேவை ஒரு நாளைக்கு 50 கிலோமீற்றர், இரவில் வீட்டில் சார்ஜ். அது ஓடினால் போதும்.

நாவற்பழம் தம்பி, மாமா இப்போது நலமா?

நாவற்பழம்

நலம் அக்கா. இப்போதும் என் காரில் ஏறினால் முதலில் எத்தனை வீதம் என்றுதான் கேட்பார்.

மாவலி

சுழியோடி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. 100 கிலோமீற்றருக்கு மேல் தினமும் ஓடுகிறவருக்கு நானும் 24 வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் ஆம்பலின் ஓட்டத்துக்கு 9 கோட்டு லீஃப் காணும். கணக்குப் பாருங்கள்: புதிதில் இந்தப் பற்றரியிலிருந்து பாவிக்கக் கிடைப்பது 21, 22 கிலோவாட் மணி. 70 வீதத்துக்கு இறங்கினால் 15. எங்கள் தட்டை ரோட்டில், ஏசியோடு, 60 வேகத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு ஆறரைக் கிலோமீற்றர் ஓடலாம். 97 வருகிறது. 50க்குத் தாராளம். கிளிநொச்சிக்குப் போய் இரவு தங்கி அங்கே சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்பலாம். ஆக, கோடு குறைவது பிரச்சினை இல்லை. எத்தனை கோடு என்று பொய் சொல்வதும், உள்ளே ஒரு செல் செத்துக் கிடப்பதும்தான் பிரச்சினை.

இரண்டையும் ஒரே சோதனையில் பிடிக்கலாம். லீஃப் ஸ்பை என்று ஒரு செயலி இருக்கிறது, போனில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் பக்கம் ஓபிடி துளை, அதாவது காரின் கணினியை வாசிக்கும் துளை, இருக்கும், அதில் ஒரு சிறிய புளுடூத் அடாப்டரைச் செருக வேண்டும். ஆக மலிவான அடாப்டர்கள் சில லீஃபோடு பேசாது. ஏற்கெனவே லீஃப் வைத்திருப்பவரிடம் வேலை செய்கிற ஒன்றை இரவல் வாங்குவது நல்லது.

செயலியில் 96 செல் இணைகளின் வோல்ட்டும் வரிசையாகக் கம்பி கம்பியாகத் தெரியும். சில கம்பிகள் சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், கணினி அந்தச் செல்களைச் சமன் செய்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். நீங்கள் பார்க்க வேண்டியது கூடினதுக்கும் குறைந்ததுக்கும் உள்ள வித்தியாசம், மில்லிவோல்ட்டில் இருக்கும்.

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விற்பவர் காரை 100 வீதம் சார்ஜ் பண்ணி நிறுத்தி வைத்திருப்பார். நீங்கள் போய் நின்ற இடத்தில் சோதிப்பீர்கள். வித்தியாசம் 15 மில்லிவோல்ட், எல்லாக் கம்பியும் ஒரே உயரம். நிறை சார்ஜில் எல்லாப் பற்றரியும் நல்ல பற்றரிதான், தங்கச்சி. செத்த செல் தெரிவது 30 வீதத்துக்குக் கீழே, அதுவும் மிதித்து ஓடும்போது. அதனால் அரை நாள் காரைக் கேளுங்கள். 100இலிருந்து 20 வரை இறக்குங்கள். ஒருவர் ஓட, இன்னொருவர் பக்கத்தில் இருந்து திரையைப் பார்க்க வேண்டும். 25 வீதம் அளவில் ஒரு தடவை நன்றாக மிதியுங்கள். எல்லாச் செல்லும் சேர்ந்து இறங்கினால் சரி. 95 ஒரு உயரத்திலும் ஒன்று மட்டும் குழிக்குள்ளும் போனால் விட்டுவிட்டு வாருங்கள்.

அரை நாள் தர முடியாது என்று சொன்னால் அதுவே பதில்.

மலைத்தேன்

நான் கண்டிப் பக்கம். எங்களுக்கு இந்தச் சோதனை சுலபம், அரைச் சார்ஜோடு கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏற்றினால் சோர்ந்த செல் தானாகத் தலையைக் காட்டிவிடும். உங்கள் பக்கம் ஏற்றமே இல்லை என்பதால் மாவலி சொன்னபடி மிதித்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. "2013" என்கிறார்களே, செய்த வருடமா, இங்கே பதிந்த வருடமா? சேசிஸ் இலக்கம் ஏஇசட்இ0 என்று தொடங்கினால் 2012 கடைசியில் வந்த திருத்திய மாடல். வெறும் இசட்இ0 என்றால் அதற்கு முந்தியது. இலக்கம் பார்க்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டிக்கியைத் திறந்து பாருங்கள். பின் சீற்றுக்குப் பின்னால் குறுக்கே ஒரு மேடு இருந்தால் பழையது, சார்ஜர் அதற்குள் இருக்கிறது. திருத்திய மாடலில் சார்ஜரை முன்னுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், டிக்கி சமதரையாக இருக்கும். டாஷ்போட்டில் சார்ஜை வீதமாகக் காட்டுவதும் திருத்திய மாடலில்தான்.

முடிந்தால் 2015க்குப் பிந்திய பற்றரி தேடுங்கள். வெப்பத்தைத் தாங்க உள்ளே இருக்கும் கலவையை மாற்றினார்கள். வெளிநாட்டு லீஃப்காரர்கள் அதைப் பல்லிப் பற்றரி என்பார்கள், பாலைவனத்துப் பல்லி மாதிரி வெயிலில் கிடக்கும் என்று.

குளிர்நாடு

லண்டனில் இருந்து எழுதுகிறேன், ஊர் சுன்னாகம். இங்கே என்னிடமும் 2014 லீஃப் இருக்கிறது, 11 கோடு. அதே வயதுக் கார் ஊரில் 8, 9 கோட்டோடு நிற்பதைப் போன வருடம் வந்தபோது பார்த்தேன். குளிர் தேசத்தில் ஓட்டத்தூரம் குறையும், ஆனால் பற்றரி நெடுநாள் வாழும். அதனால் இங்கத்தேய காணொளிகளைப் பார்த்து "10 வருடத்துக்குப் பிறகும் 11 கோடு இருக்கும்" என்று அளவுகோல் வைக்காதீர்கள். நியூசிலாந்துக்காரர் எழுதுவதைத் தேடி வாசியுங்கள். அவர்களும் ஜப்பானிலிருந்து பழைய லீஃப்தான் இறக்கினார்கள், உங்களுக்கு வரும் அதே வாகனம், வலது பக்க ஸ்டியரிங், ஜப்பான் மொழித் திரை எல்லாம் ஒன்றுதான்.

30 கிலோவாட் பற்றரி பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் கணினி கொள்ளளவைக் குறைத்துக் காட்டிய பிழை ஒன்று இருந்தது, 2018இல் நிசான் மென்பொருள் திருத்தம் கொடுத்தது. திருத்தம் போடாத வண்டி உண்மையில் இருப்பதை விட மோசமாகத் தெரியும்.

வயர்மேன்

எல்லோரும் பற்றரியிலேயே நிற்கிறீர்கள். வாங்கிய பிறகு சார்ஜ் ஏறாமல் என்னைக் கூப்பிடுகிறவர்கள்தான் அதிகம், அதனால் நான் சொல்ல வேண்டியதையும் கேளுங்கள்.

காரோடு தரும் சார்ஜ் வயரை வாங்கிக் கையில் பிடித்துப் பாருங்கள். ஜப்பானிலிருந்து காரோடு வந்தது 200 வோல்ட்டுக்குச் செய்தது, எங்கள் வீட்டில் 230. பிளக்கை வெட்டி வேறு மாட்டியிருப்பார்கள். பிளக்கின் கால்கள் கறுத்திருக்கிறதா, பிளாஸ்ரிக் இளகி இருக்கிறதா என்று பாருங்கள். காரின் மூக்கில் இருக்கும் மூடியைத் திறந்தால் இரண்டு துளை. சின்னது வீட்டுச் சார்ஜுக்கு, பெரியது சாடெமோ விரைவுச் சார்ஜுக்கு. போன் வெளிச்சத்தை உள்ளே அடித்து ஒவ்வொரு பின்னையும் பாருங்கள். ஒன்று மட்டும் நிறம் மாறியிருந்தால் அங்கே சூடேறியிருக்கிறது.

பிறகு ஒரு மணி நேரமாவது சார்ஜில் போட்டுவிட்டு அங்கேயே இருங்கள். ஐந்து நிமிடம் நீல லைற் எரிந்தால் காணும் என்று எழும்பி வராதீர்கள். உள்ளே இருக்கும் சார்ஜர் சூடான பிறகு விட்டுவிடும் வாகனங்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்துவது சின்னச் செலவு இல்லை.

முன்னுக்கு இருக்கும் சாதாரண 12 வோல்ட் பற்றரியையும் அளக்கச் சொல்லுங்கள். அது சோர்ந்தால் டாஷ்போட்டில் இல்லாத நோயெல்லாம் காட்டும். நல்ல காரை வேண்டாம் என்று விட்டுவிடவும் கூடாது. அடியில் பற்றரிப் பெட்டியைப் படுத்துப் பாருங்கள், கல் அடித்து ஒடுங்கியிருக்கிறதா, கடற்கரைப் பக்கத்து வாகனம் என்றால் போல்ட்டுகள் கறள் பிடித்திருக்கிறதா என்று. செம்மஞ்சள் நிற வயர்கள் எதையும் நீங்களோ அண்ணாவோ தொட வேண்டாம். அதில் 400 வோல்ட்டுக்குக் கிட்ட ஓடும், ஆளை விடாது.

மாவலி

வயர்மேன் சொன்ன சார்ஜ் சோதனையை நானே எழுதியிருக்க வேண்டும், நன்றி. லீஃப் ஸ்பையில் இன்னொரு எண்ணும் பாருங்கள் தங்கச்சி, இதுவரை எத்தனை தடவை சார்ஜ் போட்டது என்று இருக்கும். மீற்றரை அந்த எண்ணால் பிரித்துப் பாருங்கள், ஒரு சார்ஜுக்கு ஓடிய தூரம் மிகக் குறைவாக வந்தால் மீற்றரைக் குறைத்திருக்கலாம்.

பத்திரங்களைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. லீசிங் முடியாத வாகனமா என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் உறுதிப்படுத்தாமல் காசு கொடுக்க வேண்டாம். அவ்வளவுதான்.

ஆம்பல்

நேற்றுப் போய்ச் சோதித்தோம். அண்ணா ஓட, நான் பக்கத்தில் போனும் கொப்பியுமாக இருந்தேன். பாடசாலையில் பிள்ளைகளின் புள்ளி பதிவது போல ஒவ்வொரு 5 வீதத்துக்கும் எழுதினேன்.

முதலில் டிக்கியைத் திறந்தோம். மேடு இருந்தது. டாஷ்போட்டில் வீதமும் இல்லை. "2013 பதிவு" என்று விற்பவர் அப்போதுதான் திருத்திச் சொன்னார். செயலியில் பற்றரி நலம் 99 வீதம். சார்ஜ் போட்ட தடவை 4,300. 61,000ஐப் பிரித்தால் 14 கிலோமீற்றருக்கு ஒரு தடவை. வயதானவர் கடைக்குப் போய்வந்து ஒவ்வொரு தடவையும் செருகியிருக்கலாம் என்று அண்ணா சொன்னார். ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் நடுவில் வழுவழு என்று தேய்ந்து கிடந்தது.

கொடிகாமம் போய்த் திரும்பும் வரை அழகாக இறங்கியது. 80, 70, 60. எனக்கே மனம் மாறத் தொடங்கிவிட்டது. நுணாவில் தாண்டும்போது 38. கைதடிப் பாலத்துக்கு வர 19. கொப்பியில் 35, 30, 25 எழுத நேரமே கிடைக்கவில்லை, அந்த வரிகள் வெறுமையாகவே கிடக்கின்றன. அண்ணா ஒரு தடவை மிதித்தார். எல்லாக் கம்பியும் 3.5 வோல்ட் அளவில் நிற்க, ஒன்று மட்டும் 3.2க்குப் போய்ப் போய் வந்தது. அந்த ஒற்றைக் கம்பியைப் பார்க்கும்போது வயிற்றுக்குள் என்னவோ செய்தது. நாவற்பழம் தம்பியின் மாமாதான் ஞாபகம் வந்தார்.

காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம்.

நாவற்பழம்

அக்கா, அந்தக் கொப்பியை எறிந்துவிடாதீர்கள். நான் வாங்கிய அன்று இப்படி ஒன்று என் கையில் இருந்திருந்தால்.

மாவலி

38இலிருந்து 19. ரீசெட் பண்ணின பற்றரியின் கையெழுத்து அதுதான். கணினி தன்னிடம் நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வந்து, செல்லின் வோல்ட் விழுந்ததும் திடீரென்று கணக்கைத் திருத்துகிறது. நல்ல வேலை செய்தீர்கள்.

ஆம்பல்

மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன். உரும்பிராயில் ஒருவர் ஆறு வருடமாகத் தானே ஓடிய லீஃபை விற்கிறார் என்று அறிந்து போனோம். ஏஇசட்இ0, டிக்கி சமதரை. 9 கோடு. "அக்கா, 9தான் இருக்கிறது, முதலே சொல்லிவிடுகிறேன்" என்றார். அரை நாள் கேட்டதற்கு, "காலையிலேயே எடுத்துக்கொண்டு போங்கோ, சாப்பாட்டுக்கு முன்னம் கொண்டு வந்தால் காணும்" என்று திறப்பை அண்ணாவின் கையில் கொடுத்துவிட்டார்.

பற்றரி நலம் 71. கொடிகாமம் போய் வர 50 கிலோமீற்றர், 100இலிருந்து 51. அதற்குப் பிறகு மானிப்பாய், சங்கானை என்று சுற்றினோம். 83 கிலோமீற்றரில் 18 வீதம். கொப்பியில் ஒரு வரியும் வெறுமையாக இல்லை. மிதித்தபோது எல்லாக் கம்பியும் சேர்ந்து குனிந்து சேர்ந்து நிமிர்ந்தன, வித்தியாசம் 28 மில்லிவோல்ட். சார்ஜில் ஒன்றரை மணி நேரம் போட்டுவிட்டு அவர் வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம், பிளக் சூடாகவில்லை. முன் இடது ரயர் மாற்ற வேண்டும், ஏசி கொஞ்சம் சோர்வு. அதைச் சொல்லி விலை குறைத்தார்.

வாங்கிவிட்டோம். வயர்மேன் அண்ணா, வீட்டில் செருகினால் வயரின் பெட்டியில் சிவப்பு லைற் எரிகிறது, சார்ஜ் தொடங்கவில்லை. அவர் வீட்டில் இதே வயர் வேலை செய்தது.

வயர்மேன்

எர்த் காணாது. எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக் கல் நிலத்தில் கோடை காலத்தில் எர்த் கம்பி காய்ந்து கிடக்கும், அந்தப் பெட்டி எர்த் சரியில்லாமல் மின்சாரம் விடாது, விடவும் கூடாது. எர்த்தைத் தவிர்க்கச் சொல்லி யாராவது குறுக்குவழி காட்டினால் கேட்காதீர்கள். கிணற்றடிப் பக்கம், ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்துப் புதுக் கம்பி இறக்க வேண்டும். மெயின் பெட்டியிலிருந்து காருக்கென்று தனி வயர், தனி பிரேக்கர். வேறு எந்தச் சாமானும் அதில் செருகக் கூடாது. கோண்டாவில்தானே, சனிக்கிழமை காலை வருகிறேன். அதுவரை முந்தைய உரிமையாளர் வீட்டில் சார்ஜ் போட விடுவாரா என்று கேளுங்கள்.

ஆம்பல்

கேட்டேன். "தாராளமாக வாங்கோ" என்றார். இன்று பின்னேரம் மகளையும் கூட்டிக்கொண்டு போய் அங்கே நிறுத்திவிட்டு வந்தோம். 64 வீதம் இருந்தது. கொப்பியில் இனி அவள் எழுதுகிறாளாம்.